நடவு வயலில் ருஷ்ய வணக்கம்

எனக்கு ருஷ்ய மொழியில் ஐந்து வணக்கச் சொற்கள் தெரியும். ஆறாவது தெரியாது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஐந்தையும் எங்கள் தெருப் பெண்கள் நாற்பது பேருக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். அதனால் எங்கள் தெருவே அடியோடு போயிருக்கும், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கண் காது மூக்கு வைத்துச் சொல்வார்கள்.

கீழ்வேளூருக்குக் கிழக்கே, வாய்க்கால் கரை ரோட்டிலிருந்து நூறு கெஜம் உள்ளே தள்ளி எங்கள் தெரு. தெரு என்று நாங்கள் சொல்வோம், ஊர்க்காரர்கள் வேறு பெயர் சொல்வார்கள். நாற்பது கூரை வீடுகள், எல்லாம் மிராசுதார் மனையில். அவர் நிலத்தில் நட்டு, களையெடுத்து, அறுத்துப் போடுகிறவரை அங்கே இருக்கலாம். வாயைத் திறந்து ஏதாவது கேட்டால் கூரையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். காலங்காலமாக அப்படித்தான். பிறகு மதராஸில் ஆட்சி மாறியது, எங்கள் பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்தது, கூலிச் சண்டை வந்தது. கடைசியில், குடியிருக்கிறவருக்கே குடியிருக்கிற மனை சொந்தம் என்று சர்க்கார் ஒரு சட்டமும் போட்டது. அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பாயசம்.

மிராசுதார் பாயசம் வைக்கவில்லை, கிராமக் கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பினார். அடுத்த மாதம் தாலுகா ஆபீசில் போய்க் கேட்டால், எங்கள் தெரு இருக்கிற இடம் கிராமக் கணக்கில் தென்னந்தோப்பு. வீடே கிடையாது. நாங்கள் எல்லாரும் தோப்புக்குள் நேற்று அத்துமீறி நுழைந்தவர்கள். சம்பா நடவு முடிந்ததும் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. நடவுக்கு ஆள் வேண்டுமே, அதுவரைக்கும் அந்தக் கருணை. மனு மேல் மனு போட்டோம். தாசில்தார் கணக்கைப் பிரித்துப் பார்த்தார், கணக்கில் தோப்புதான் இருந்தது. தஞ்சாவூரிலிருந்து கலெக்டரே வந்து கண்ணால் பார்த்தால்தான் உண்டு என்று ஆகிவிட்டது. கலெக்டருக்கு எங்கள் ரோட்டில் என்ன வேலை?

வேலை வந்தது. சங்கத்துத் தோழர் ஒருநாள் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து சொன்னார். "சோவியத்துலேர்ந்து நெல் ஆராய்ச்சிக்காரர் ஒருத்தர் வர்றாரு. நாகப்பட்டினம் பக்கம் விதைப் பண்ணையப் பாக்கப் போறாங்க. கலெக்டரே கூட்டிக்கிட்டுப் போறாரு. நம்ம ரோடுதான். நடவு நடக்குற எடத்துல அஞ்சு நிமிஷம் வண்டி நிக்கும்."

"நின்னா?" என்றேன்.

"விருந்தாளி எறங்குனா கலெக்டரும் எறங்கித்தானே ஆகணும்? எறங்கிட்டா நூறு கெஜம் நடக்க வச்சுடலாம். நம்ம தெருவக் கண்ணால பாத்துடுவாரு."

"விருந்தாளி ஏன் எறங்குவாரு? சேத்துல காலு வைக்கவா?"

தோழர் சட்டைக்குள்ளிருந்து அட்டை கிழிந்த ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். ருஷ்ய மொழியின் சாதாரண வணக்கங்கள், தமிழ் எழுத்தில். "அவரு பாஷையில நம்ம பொம்பளைங்க வணக்கம் சொன்னா அவரால உக்காந்திருக்க முடியுமா? நீ சொல்லிக்குடு," என்றார். நான் அப்போது பதினோராவது பாஸ் செய்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். தெருவில் அவ்வளவு படித்தவள் நான் ஒருத்திதான் என்பது எனக்கு ரொம்ப நன்றாகவே தெரியும். புத்தகத்தை வாங்கின கையோடு என் நடையே மாறிவிட்டது என்று அம்மா பிறகு சொன்னாள்.

இதில் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். எங்கள் பெண்களுக்கு அதுவரை தெரிந்த வணக்கம் ஒன்றே ஒன்றுதான். பத்தடி தள்ளி நின்று, முதுகை வளைத்து, "கும்புடுறேங்க ஆண்டே" என்பது. சங்கம் வந்ததும் முதல் வேலையாக அதை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாகத் தோழர்களைப் பார்த்தால் வணக்கம் தோழர் என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். தோழர் அல்லாதவரைப் பார்த்தால் என்ன சொல்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மிராசுதார் எதிரில் வந்தால் வாய்க்காலைப் பார்ப்பார்கள். இந்த நிலைமையில்தான் நான் ருஷ்ய வணக்கத்தோடு போய் நின்றேன்.

பள்ளிக்கூடம் வைக்க நேரம் ஏது? விடிந்தால் வயல், பொழுது சாய்ந்தால் அடுப்பு. அதனால் நடவு வயலிலேயே வகுப்பு. நான் வரப்பில் நின்றுகொண்டு புத்தகத்தைப் பார்த்துச் சொல்வேன், அவர்கள் குனிந்து நட்டுக்கொண்டே திருப்பிச் சொல்ல வேண்டும். "ஸ்த்ராஸ்துவீத்யே. இதுக்கு வணக்கம்னு அர்த்தம்," என்றேன் முதல்நாள். நாற்பது முதுகும் நிமிர்ந்தன. நாற்பது முகமும் என்னைப் பார்த்தன.

"வாயில என்னத்தடி வச்சிருக்க?" என்றாள் அத்தை.

அத்தை என்பது அப்பாவின் அக்கா. எங்கள் நடவுக்கு அவள்தான் தலைக்கட்டு. முதல் ஆளாக இறங்கி, பாட்டு எடுத்துக்கொடுப்பவள். அவள் பாடினால்தான் மற்றவர்கள் கை ஓடும். வயலை மேற்பார்க்கிற மிராசுதாரின் காரியக்காரர்கூட அவளிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். அவள் ஒப்புக்கொள்ளாமல் எங்கள் வயலில் ருஷ்ய மொழி முளைக்காது.

அடுத்த சொற்களைச் சொன்னேன். 'தோப்ரி தியேன்' என்றால் நல்ல பகல். 'காக் தெலா' என்றால் எப்படி இருக்கீங்க. அதற்குப் பதில், 'ஹரஷோ, ஸ்பசீபா'. நல்லா இருக்கேன், நன்றி. கடைசியில் 'தஸ்விதானியா'. போயிட்டு வாங்க, மறுபடி பார்ப்போம்.

அத்தை கையில் இருந்த நாற்றைச் சேற்றில் ஊன்றிவிட்டு நிதானமாகக் கேட்டாள். "சாப்பிட்டீங்களாங்கறதுக்கு என்ன?"

புரட்டிப் பார்த்தேன். புத்தகத்தில் அது இல்லை.

"வந்தவங்களச் சாப்பிட்டீங்களான்னு கேக்காத ஊருல பொதுவுடைமை எப்படிடி வந்துச்சு?" என்றாள். பெண்கள் சிரித்துச் சிரித்து நாலு பேர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கேலி செய்கிறவர்கள் தோப்பிலேயே கிடக்கட்டும், நான் போகிறேன் என்று கத்திவிட்டு வரப்போடு நடந்தேன். பாதி தூரம் போனபின் பின்னால் பாட்டு கேட்டது.

"ஸ்த்ராஸ்துவீத்யே, அடி நாத்து நடு. தோப்ரி தியேனாம், அடி நாத்து நடு."

அத்தைக்குப் பாடம் தனியாக ஏறாது, பாட்டாகத்தான் ஏறும். ஐந்தையும் வரிசையாக நடவு மெட்டில் கோத்துவிட்டாள். ஒரு சொல்லுக்கு ஒரு முடி நாற்று. அவள் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். 'தஸ்விதானியா' வரும்போது சரியாக ஒரு பத்தி நட்டு முடிந்து வரப்புக்கு வந்திருப்பார்கள், உடனே நாற்பது பேரும் நாக்கைச் சுழற்றிக் குலவை போடுவார்கள். ருஷ்யாவில் யாரும் இவ்வளவு அழகாக ஒருவரை ஒருவர் வழியனுப்பியிருக்க மாட்டார்கள். ஒரே வாரத்தில் மனப்பாடம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தோழர் வந்து கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தைக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. "கடைசி வார்த்த போகும்போது சொல்றதுதானே? வந்தவுடனே எதுக்குடி?" என்றாள். நான் வாத்தியார் அல்லவா? "புத்தகத்துல அஞ்சும் ஒண்ணா இருக்கு. ஒண்ண விட்டா தப்பு," என்று வெட்டிவிட்டேன். என் வாயில் மண் அள்ளிப் போட்டிருக்க வேண்டும்.

விருந்தாளி வருவதற்கு முந்தினநாள்தான் எனக்கே புத்தி வந்தது. சும்மா ஒத்திகைக்காக, எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம், "நான்தான் ருஷ்யாக்காரர். எனக்கு வணக்கம் சொல்லுங்க," என்றேன். அக்கா இல்லாத நாற்றைக் கையில் பிடித்துக் குனிந்தாள், முதலிலிருந்து ஆரம்பித்தாள், குலவை வரைக்கும் போனாள். "முதல் வார்த்த மட்டும்க்கா," என்றேன். மறுபடி குலவை வரைக்கும் போனாள். தெருவில் பத்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருத்திக்கும் நடுவில் நிற்கத் தெரியவில்லை. எங்கேயிருந்து தொடங்கினாலும் வந்தவரை வழியனுப்பி வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்கள்.

ஓடிப்போய் அத்தையிடம் கடைசி வரியை வெட்டச் சொன்னேன். எங்கள் பக்கம் நடவுப் பாட்டை எடுத்தால் பத்தி முடியும்வரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பயிர் பால் பிடிக்காது என்பார்கள். அத்தை அதில் கறார். "நீதானே ஒண்ண விட்டா தப்புன்ன?" என்று வேறு கேட்டாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கடைசியில், நான் ரோட்டில் நின்று கையைத் தூக்கினால் அவள் நாலாவது வார்த்தையோடு இழுத்து நிறுத்துவது, அவர்கள் இறங்கி வந்தபிறகு மிச்சத்தைப் பாடுவது என்று ஒப்புக்கொண்டாள். அதற்கு மாரியம்மனிடம் அவளே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு ஜீப் வந்தது. முன் ஜீப்பில் கலெக்டர், ருஷ்யாக்காரர், மதராஸிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர். பின் ஜீப்பில் தாசில்தாரும், கணக்குப் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் கணக்குப்பிள்ளையும். அடுத்த மைலில் மிராசுதார் வீட்டு வாசலில் பந்தல், நாற்காலி, இளநீர், நாகசுரம், இட்லி எல்லாம் தயார். ஜீப் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் தோப்பு தோப்புதான்.

வண்டி நின்றது. தோழர் கடைசி நிமிஷத்தில் எங்கேயிருந்தோ ஆள் உயரத்துக்கு ஒரு சாமந்தி மாலையைக் கொண்டுவந்து என் இரண்டு கையிலும் ஏற்றிவிட்டார். அதோடு மனுவையும் விரலிடுக்கில் சொருகினார். ருஷ்யாக்காரர் சிவப்பாக, உருண்டையாக, துணித் தொப்பி வைத்துக்கொண்டு இருந்தார். அத்தை எடுத்தாள். "ஸ்த்ராஸ்துவீத்யே, அடி நாத்து நடு."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். தொப்பியைக் கழற்றினார், நெஞ்சில் கை வைத்தார், கண் கலங்கினார். ஒரு காலை ஜீப்புக்கு வெளியே வைத்துவிட்டார். 'தோப்ரி தியேன்' ஆனது, 'காக் தெலா' ஆனது. 'ஹரஷோ, ஸ்பசீபா' வந்ததும் நான் கையைத் தூக்கினேன். கை வரவில்லை, மாலைதான் வந்தது. முகத்தை மறைத்துக்கொண்டு சாமந்தி எழும்பியதைத் தவிர அத்தைக்கு எதுவும் தெரிந்திருக்காது. "தஸ்விதானியா, அடி நாத்து நடு," என்று நாற்பது குரலும் முழங்க, குலவை போட்டு முடித்தார்கள்.

ருஷ்யாக்காரர் வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பாவம், மரியாதை தெரிந்த மனிதர். ஒரு ஊரே சேர்ந்து போயிட்டு வாங்க என்று பாடும்போது யார்தான் இறங்குவார்கள்? "தஸ்விதானியா, தஸ்விதானியா," என்று இரண்டு கையாலும் ஆட்டினார். மொழிபெயர்ப்பாளர் கலெக்டரிடம் குனிந்து சொன்னது எனக்கே கேட்டது. "வழியனுப்புறாங்க சார்." கலெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஜீப்பும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டன. மாலை என் கையிலேயே இருந்தது.

"ஏண்டி, எறங்கவே இல்லையே?" என்று அத்தை கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. இந்த நாற்பது வீட்டையும் மிராசுதாரோ கணக்குப்பிள்ளையோ அழிக்கவில்லை, என் வாய்க்கொழுப்பு அழித்துவிட்டது என்று நினைத்தேன். அழித்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், அதில் சந்தேகமே இல்லை.

அப்போது நாற்றுக்கட்டு தூக்கிக்கொண்டிருந்த என் அம்மா கட்டைக் கீழே போட்டாள். அம்மா அதிகம் பேசாதவள். பாட்டில்கூட வாயை மட்டும் அசைப்பாள். அந்த ரோடு வாய்க்காலோடு பெரிய வளைவாக வளைந்து மதகுக்குப் போகும். வயலுக்குள் குறுக்கே வரப்பில் போனால் கால்வாசி தூரம்தான். அம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வரப்பில் ஓட ஆரம்பித்தாள். நானும் மாலையோடு பின்னால் ஓடினேன். இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன். அவள் விழவில்லை.

நான் போய்ச் சேரும்போது அம்மா மதகு மேல் நடு ரோட்டில், முழங்கால்வரை சேற்றோடு நின்றுகொண்டிருந்தாள். ஜீப் கிறீச்சென்று நின்றது. கலெக்டர் தலையை நீட்டி, "என்னம்மா?" என்றார்.

அம்மா என்ன வணக்கம் சொல்வாள்? பழைய வணக்கத்தைச் சொல்லக் கூடாது. புதிய வணக்கம் தோழர்களுக்கு மட்டும். முதுகை வளைக்காமல், கலெக்டர் முகத்தைப் பார்த்து அவள் சொல்லக்கூடியது ஒன்றுதான் அவளிடம் இருந்தது. "ஸ்த்ராஸ்துவீத்யே," என்றாள். கலெக்டர் வடக்கே எங்கேயோ பிறந்து தமிழ் கற்றவர், பாவம். தனக்கு இன்னும் தெரியாத தமிழ் போலிருக்கிறது என்று தாசில்தாரைத் திரும்பிப் பார்த்தார்.

ருஷ்யாக்காரர் குதித்து இறங்கிவிட்டார். இவ்வளவு தூரம் ஓடிவந்து ஒருத்தி தனியாக வணக்கம் சொன்னால் எப்படி இருக்கும் அவருக்கு. அம்மாவின் சேற்றுக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "காக் தெலா?" என்றார்.

எனக்கு உயிர் போய் வந்தது. பதில் ஊருக்கே தெரியும். எந்தத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'ஹரஷோ, ஸ்பசீபா' வரும். அதைச் சொன்னால் அடுத்தது தன்னால் வரும், மறுபடியும் ஜீப் கிளம்பிவிடும். ஆனால் நல்லா இருக்கேன் என்று சொல்ல அம்மாவால் முடியவில்லை.

"நல்லா இல்லீங்க," என்றாள் தமிழில். "நட்டு முடிச்சதும் வீட்ட விட்டுப் போகச் சொல்றாங்க. எங்க வீட்ட தோப்புன்னு எழுதி வச்சிருக்காங்க. வந்து பாருங்க."

மொழிபெயர்ப்பாளர் விழித்தார். சொல்லலாமா என்று கலெக்டரைப் பார்த்தார். ருஷ்யாக்காரர் அம்மாவின் கையை விடாமல் மொழிபெயர்ப்பாளர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு ருஷ்யாக்காரர் என்னவோ சொன்னார். "தோப்பைப் பார்க்க ஆசைப்படுகிறார் சார்," என்றார் மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டு விருந்தாளி. கலெக்டர் என்ன செய்வார்? ஜீப்பைத் திருப்பப் பார்த்தார்கள். மதகு மேல் திருப்ப முடியாமல், பின்பக்கமாகவே வளைவு முழுக்க ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பக்கம் மிராசுதார் வாசலில் நாகசுரம் வாசிக்கத் தொடங்கியது எங்களுக்குக் கேட்டது.

எங்கள் தெருவில் நாற்பது அடுப்புக் கரியும் நாற்பது மண்சுவரும் உலர்த்திப்போட்ட துணிகளும் இருந்தன. கலெக்டர் குனிந்து எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "தென்னை மரம் எங்கே?" என்றார். கணக்குப்பிள்ளை புத்தகத்தைப் புரட்டினார், புத்தகத்தில் எண்பது மரம் இருந்தது. தெருவில் சுற்றிமுற்றிப் பார்த்து, கடைசி வீட்டுக் கொல்லையில் இருந்த ஒரு முருங்கையைக் காட்டி, "மீதி பட்டுப்போச்சுங்க," என்றார். தாசில்தாரே சிரித்துவிட்டார். ருஷ்யாக்காரர் அந்த முருங்கையை நிஜமாகவே ஆராய்ந்து, ஒரு இலையைக் கிள்ளி நோட்டுப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்.

பார்த்து முடித்தார்கள். ஜீப்பில் ஏறினார்கள். "கவனிக்கிறேன்," என்றார் கலெக்டர். இந்தச் சொல்லை நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம். ருஷ்யாக்காரர் தொப்பியை ஆட்டி, "தஸ்விதானியா," என்றார். இப்போது சொல்ல வேண்டிய நேரம். நாற்பது பெண்களும் வயலிலிருந்து வந்து நின்றிருந்தார்கள், ஒருத்தி வாய் திறக்கவில்லை. அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் மறுபடியும் சொன்னார். சத்தமில்லை. அவர் முகம் வாடிப்போய், ஜீப்பைக் கிளப்ப வேண்டாம் என்று டிரைவரின் தோளைத் தொட்டார்.

"ஏன் சும்மா நிற்கிறார்கள்?" என்றார் கலெக்டர்.

அம்மாதான் சொன்னாள். "சொன்னா நீங்க போயிடுவீங்க. எழுதிக் குடுத்துட்டுப் போங்க, சொல்றோம்."

கலெக்டர் இறங்கினார். தாசில்தாரிடம் தாள் வாங்கி, ஜீப்பின் முன்மூடி மேல் வைத்து, வெயிலில் நின்றுகொண்டே எழுதினார். ஒன்றைத் தாசில்தாரிடம் கொடுத்து, இன்னொன்றை அம்மாவிடம் நீட்டினார். முழுப் பட்டா கைக்கு வர அதற்குப் பிறகு இன்னும் மூன்று நடவு ஆனது, அது வேறு அலைச்சல். ஆனால் எங்களைக் கிளப்ப முடியாமல் செய்தது அந்தத் தாள்தான்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. சேற்று விரல் படாமல் நுனியில் பிடித்து என்னிடம் தந்தாள். "படி."

"நேரில் பார்வையிட்டேன். இது தோப்பு அல்ல. நாற்பது வீடுகள் உள்ள குடியிருப்பு. யாரையும் வெளியேற்றக் கூடாது," என்று படித்தேன்.

"வீடுன்னு எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கும்மா."

"இன்னொரு தடவ படி."

படித்தேன். அம்மா தாளை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு அத்தையைப் பார்த்து, "சரி, இப்பப் போயிட்டு வரச் சொல்லுங்க," என்றாள்.